ஏமாற வந்த அதிகாரி

மரபு காப்பாற்றப்பட வேண்டும் என்பதில் யாருக்கும் இரண்டு கருத்து இருக்க முடியாது. மலைச்சீஸ் மரபு உறுதி ஆணையத்துக்கு இதில் ஒரு கருத்துகூட இருந்ததில்லை. சுற்றறிக்கை மட்டும் இருந்தது.

ரெப்லோஷோன் என்ற மெத்தென்ற சீஸ் பிறந்த கதை பள்ளத்தாக்கில் எல்லோருக்கும் தெரியும். நிலமெல்லாம் மடத்துக்குச் சொந்தமாக இருந்த காலத்தில், மாடு கறக்கும் பாலை அளந்து அதன்படி குத்தகை வாங்கினார்கள். அளக்கிறவர் வரும் நாளில் குடியானவர்கள் பாதி கறந்துவிட்டு, மாடு வற்றிவிட்டது என்று கையை விரிப்பார்கள். அவர் தலை மலைவளைவில் மறைந்ததும் மறுபடி உட்கார்ந்து மீதியைக் கறப்பார்கள். கடைசியில் வரும் அந்தப் பால் கெட்டியாக, வெண்ணெய் மணத்தோடு இருக்கும். அதை ஒளித்துவைத்துச் செய்த சீஸ் இது. மடியில் கனமிருந்தால் வழியில் பயம் என்பார்கள். கனம் மாட்டின் மடியில் இருந்ததால் யாரும் பயப்படவில்லை.

ஆணையம் இதை ஆராய்ந்து, சுற்றறிக்கை நாற்பத்தொன்றில் மூன்று அங்கங்களை வகுத்தது. ஒன்று, காய்ச்சாத பால். இரண்டு, பதப்படுத்த மரப்பலகை. மூன்று, ஓர் அதிகாரி ஏமாற்றப்பட்டிருக்க வேண்டும். மூன்றும் சேராத சீஸின் மேல், அசல் என்பதற்கு அடையாளமான பச்சை வில்லை பதியக் கூடாது.

அந்தப் பள்ளத்தாக்கில் பண்ணை வைத்திருந்த ஃபிலோமேனிடம் பதினெட்டு மாடுகள் இருந்தன, பொய் ஒன்றுகூட இல்லை. பச்சை வில்லை போனால் அவள் சீஸுக்குப் பெயர் போய்விடும். பெயரில்லாத சீஸை வாங்க ஆளில்லை. மாடுகளை விற்க வேண்டிவரும். பதினேழை யாராவது வளர்க்க வாங்குவார்கள். மார்க்கீஸ் என்ற கிழப்பசுவை வாங்குகிறவன் கத்தியோடுதான் வருவான்.

ஏமாறுவதற்காக ஆணையத்தின் அதிகாரி முசியே லாந்த்ரி ஒரு செவ்வாய்க்கிழமை காலை வந்தார். அவள் பாதி கறந்து வாளியை நீட்டினாள். அவர் அளந்தார்.

"அவ்வளவுதானா, மதாம்?"

"இல்லீங்க, இன்னும் பாதி இருக்கு."

லாந்த்ரி பேனாவை மூடினார். "இன்னொரு தடவை கேக்குறேன். நிதானமா யோசிச்சுச் சொல்லுங்க."

"இதுல யோசிக்க என்ன இருக்கு? மடி கல்லு மாதிரி நிக்குது, நீங்களே பாருங்க."

"நான் பாக்கக் கூடாது மதாம். விதி ஏழு."

பதிவேட்டில் எழுதினார்: 'உற்பத்தியாளர் உண்மை பேசினார். மரபு மீறல்.' திருந்துவதற்கு ஒரு வாரம் அவகாசம் கொடுத்தார்.

பக்கத்துப் பண்ணை அந்தெல்ம் அன்று மாலையே துக்கம் விசாரிக்க வந்தான். ஏமாற்றுதலில் பள்ளத்தாக்கிலேயே முதலாவதாகத் தேறியவன் அவன். சான்றிதழைக் கண்ணாடி போட்டு மாட்டியிருந்தான்.

"நாப்பது வருஷமா சந்தையில ஒரு கிராம் குறைக்காம நிறுத்துக் குடுத்தியே, இப்ப அனுபவி."

"பொய் சொன்னா எனக்குக் காது செவந்துடுது அந்தெல்ம். நான் என்ன பண்ண?"

"தலைத்துணியைக் காதுவரைக்கும் இழுத்துக் கட்டு. நான் அவர் முன்னாடி அழுதே காட்டினேன், தெரியுமா? அவர் கைக்குட்டை குடுத்தார்."

அடுத்த செவ்வாய், காதை மூடிய தலைத்துணியோடு அவள் வாளியை நீட்டினாள்.

"அவ்வளவுதான்," என்றாள் தரையைப் பார்த்து.

அதே நேரம் மார்க்கீஸின் காம்பிலிருந்து பால் சொட்டு சொட்டாக வைக்கோலில் விழுந்தது. இருவரும் அதைக் கேட்டுக்கொண்டு நின்றார்கள்.

"மதாம், நீங்க பொய் சொல்றது எனக்குத் தெரிஞ்சுபோச்சு. தெரிஞ்சா நான் ஏமாறலைன்னு அர்த்தம்."

"தெரியாமலே இருந்திருந்தா?"

"ஏமாந்தது தெரியாதவன் ஏமாந்தேன்னு எப்படி எழுதுவான்?"

"அப்ப மத்தவங்களுக்கு எப்படி எழுதினீங்க?"

"உங்களை ஏமாத்திட்டோம்னு ஒவ்வொருத்தரும் கடிதம் குடுத்தாங்க. சாட்சிக் கையெழுத்தோட."

"நானும் குடுக்குறேன்."

"நீங்க குடுத்தா அது பொய்க் கடிதம் ஆகிடும். அரசாங்கம் அதை வாங்காது."

கோயில் மணி பன்னிரண்டு அடித்தது. அந்த நாட்டில் பன்னிரண்டு அடித்தால் அரசாங்கமும் சாப்பிட உட்கார்ந்துவிடும். லாந்த்ரி சமையலறைக்குள் வந்து, கதவுக்குப் பின்னால் இருந்த ஆணியில் தன் கோட்டை மாட்டினார். அந்த ஆணியில் ஏற்கெனவே ஒரு நாட்காட்டி தொங்கியது. பதினோரு வருஷத்துக்கு முன் டிராக்டர் கடைக்காரர் கொடுத்தது. பிப்ரவரி மாதத்துக்குக் கீழே அச்சாகியிருந்த சமையல் குறிப்புக்காக அவள் அதைக் கழற்றவில்லை.

அந்தக் குறிப்பின்படி அவித்த உருளைக்கிழங்கை வட்டமாக நறுக்கினாள். வெங்காயத்தையும் புகையிட்ட பன்றி இறைச்சியையும் வதக்கிச் சேர்த்து, கொஞ்சம் வெள்ளை ஒயின் தெளித்தாள். முழுச் சீஸ் ஒன்றைக் குறுக்கே இரண்டு தட்டாக அறுத்து, தோல் மேலே இருக்கும்படி கவிழ்த்துச் சூட்டடுப்புக்குள் தள்ளினாள். வெளியே எடுத்தபோது சீஸ் உருகி, கிழங்குகளுக்கு நடுவே இறங்கியிருந்தது.

லாந்த்ரி மூன்று வாய் சாப்பிட்டார். கண் கலங்கியிருந்தது.

"மதாம், இது யாரோட செய்முறை?"

நாட்காட்டியை மறைத்துத் தொங்கிய அவர் கோட்டை ஃபிலோமேன் பார்த்தாள். தொழுவத்தில் மார்க்கீஸ் ஒருமுறை கத்தியது.

"என் கொள்ளுப்பாட்டியோடது," என்றாள்.

காது தகித்தது. வெக்கைக்குத் தலைத்துணியை அவிழ்த்திருந்தாள், ஆனால் அந்த அடுப்புச் சூட்டில் இருவர் காதும்தான் சிவந்திருந்தது.

"எவ்வளவு பழசு இருக்கும்?"

"சீஸ் வர்றதுக்கு முந்தியிலேருந்தே செய்றோம்."

சீஸுக்கு முன்பே சீஸ் போட்டு எப்படிச் செய்தார்கள் என்று லாந்த்ரி கேட்கவில்லை. பால் விஷயத்தில் இரண்டு முறை வாய்ப்புக் கொடுத்தும் பொய் வராத பெண்மணிக்குச் சாப்பாட்டு விஷயத்தில் மட்டும் எப்படி வரும்? சீஸை விடப் பழைய மரபு உள்ள வீடுகள் அதிகாரியை ஏமாற்ற வேண்டியதில்லை என்று விதி பத்தொன்பது சொன்னது. எனவே ஃபிலோமேனுக்கு விலக்கு அளித்து, பச்சை வில்லைகள் நிறைந்த பெட்டியை மேசைமேல் வைத்தார். அத்தனை பண்ணைகளிலும் அவர் உண்மையாகவே ஏமாந்தது அந்த ஒரு பண்ணையில்தான். அதைப் பதிவுசெய்யப் பதிவேட்டில் கட்டம் இல்லை.

இலையுதிர் காலத்துக்குள் சுற்றறிக்கை நாற்பத்திரண்டு வந்தது: 'கொள்ளுப்பாட்டி உணவு, ஓர் ஒழுங்குமுறை.' நகரத்திலிருந்து பஸ் பஸ்ஸாக ஆட்கள் வந்து சாப்பிட்டு, தங்கள் வேரைத் தொட்டதாகச் சொல்லிவிட்டுப் போனார்கள். பள்ளத்தாக்கில் கொள்ளுப்பாட்டி இல்லாத வீடே இல்லை என்றாயிற்று.

"எங்க கொள்ளுப்பாட்டி ஒரு கரண்டி பாலேடு சேர்ப்பா," என்றான் அந்தெல்ம்.

"உங்க கொள்ளுப்பாட்டியை நீ பாத்ததே இல்லையேப்பா."

"நீ மட்டும் பாத்தியா?"

அடுத்த வசந்தத்தில் லாந்த்ரி சுற்றறிக்கையோடு வந்து அடுப்புக்கு அருகில் நின்றார். அவள் வாணலியில் வெண்ணெயைப் போட்டதும் அவர் முகம் வாடியது.

"மதாம், உங்க கொள்ளுப்பாட்டி வெண்ணெய் போட மாட்டாங்க. பன்றிக்கொழுப்புலதான் வதக்குவாங்க. பக்கம் ஆறு."

அவள் கொள்ளுப்பாட்டி கிழங்கைத் தோலோடு அவித்து, உப்பைத் தொட்டுத் தின்றே செத்தவள். செய்த சீஸையெல்லாம் விற்றுவிடுவாள். ஒரு முழுச் சீஸைக் கிழங்கின் தலையில் கவிழ்ப்பவளைக் கண்டால் கட்டிப்போட்டிருப்பாள். ஃபிலோமேன் உண்மையைச் சொல்ல வாயைத் திறந்தாள். மேசைமேல் வில்லைப் பெட்டி திறக்கப்படாமல் இருந்தது.

"ஆமாங்க முசியே, மறந்தே போனேன். அவ இருந்திருந்தா என்னைத் திட்டித் தீத்திருப்பா."

வெண்ணெயை வழித்தெடுத்துவிட்டுக் கொழுப்பைப் போட்டாள். வில்லை கிடைத்தது. அன்று மாலை அந்தெல்முக்கு ஒரு தட்டு எடுத்து வைத்தபோது, வெண்ணெயை வீணாக்குகிறாயே என்று கொள்ளுப்பாட்டி எந்தச் சொல்லால் திட்டுவாள் என்பதைக்கூட அவளால் சொல்ல முடிந்தது. சொல்லும்போது கண் கசிந்தது, காது சிவக்கவில்லை.

"எங்க வீட்டுலயும் அதே சொல்தான்," என்றான் அந்தெல்ம், தட்டை வழித்துக்கொண்டே.