மேலே போவதன் நோக்கம்

வாழ்க்கையில் நோக்கம் உள்ளவர்கள் அது இல்லாதவர்களைவிட அதிக காலம் வாழ்கிறார்கள், விடுப்பும் குறைவாக எடுக்கிறார்கள் என்று யாரோ எங்கோ ஆராய்ந்து சொன்னார்கள். அதன் முதல் பாதி எங்கள் அலுவலகத்தை அசைக்கவில்லை. இரண்டாம் பாதி அசைத்தது. அடுத்த மாதமே ஏழாவது மாடியில் ‘வாழ்க்கை நோக்கக் கண்டறிதல் பிரிவு’ என்று ஒரு பலகை தொங்கியது. பலகைக்குக் கீழே ஓர் அலுவலர். அவருக்குக் கீழே நான்கு பேர்.

முதல் சுற்றறிக்கை வந்தது. ‘அனைத்து ஊழியர்களும் தத்தம் வாழ்க்கையின் நோக்கத்தை இம்மாதம் முப்பதாம் தேதி மாலை ஐந்து மணிக்குள் கண்டடைந்து, மூன்று பிரதிகளில் சமர்ப்பிக்குமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்.’

கடவுள் நம்பிக்கை உள்ளவர்களுக்கு வெள்ளைப் படிவம். இல்லாதவர்களுக்கு நீலப் படிவம். இரண்டிலும் கேள்வி ஒன்றேதான். வெள்ளையில் மட்டும் பதில் எழுத இரண்டு வரி கூடுதலாக விட்டிருந்தார்கள்.

நான் நாலாவது மாடி, ஒப்புநோக்குப் பிரிவு. மூலமும் நகலும் ஒன்றாக இருக்கின்றனவா என்று பார்ப்பது எங்கள் வேலை. பிரிவின் பெயரிலேயே நோக்கு இருப்பதால் எங்களுக்கு விலக்கு உண்டு என்று நினைத்திருந்தோம். இல்லை என்று தெரிந்ததும் என் பக்கத்து இருக்கைக்காரர், ‘மனித குலத்தின் மேம்பாட்டுக்கு என்னால் இயன்றதைச் செய்வது’ என்று எழுதினார். அவரைப் பார்த்து நான் எழுதினேன். என்னைப் பார்த்து எனக்கு அடுத்தவர். இப்படி இருபத்திரண்டு பேரும் எழுதி முடித்தபின், பழக்கதோஷத்தில் எல்லாவற்றையும் ஒப்பிட்டுப் பார்த்தோம். ஓர் எழுத்துக்கூட வித்தியாசம் இல்லை.

நோக்கம் நாகரிகமாகிவிட்டது. சட்டைப் பையில் நோக்க அட்டை குத்திக்கொண்டு திரிந்தார்கள். கேன்டீனில் “சாப்பிட்டாச்சா?” என்று கேட்ட வாயெல்லாம் “நோக்கம் ஆச்சா?” என்று கேட்டது. ஐந்தாவது மாடி அம்மாள் ஒருவர் காலையில் ஒரு நோக்கம், மதியத்துக்குமேல் ஒரு நோக்கம் என்று இரண்டு வைத்துக்கொண்டார். புடவைக்குப் பொருத்தமாக இருக்க வேண்டுமாம்.

கட்டடத்தில் எழுநூற்றுப் பன்னிரண்டு பேர். முப்பதாம் தேதி மாலை வந்து சேர்ந்தது எழுநூற்றுப் பதினொரு படிவம். குறைந்தது லிஃப்ட்காரருடையது.

எங்கள் லிஃப்ட் பழையது. கம்பிக் கதவு, பித்தளைக் கைப்பிடி. மூன்றாவது மாடியைத் தாண்டும்போது கதவு விலகிக்கொள்ளும்; தோளால் ஓர் இடி கொடுத்தால்தான் சேரும். அந்த இடி எந்த இடத்தில், எவ்வளவு என்பது அவர் ஒருவருக்குத்தான் தெரியும். ஐம்பத்தாறு வயது, ஒல்லியான ஆள், முக்காலியில் உட்கார்ந்திருப்பார். யார் ஏறினாலும் “எத்தனாவது மாடி?” என்று கேட்பார். இருபத்தாறு வருடமாக அதற்குமேல் எவரையும் எதுவும் கேட்டதில்லை.

நோக்க அலுவலர் அவரை மேலே கூப்பிட்டார்.

“படிவம் ஏன் தரல?”

“கேள்வி புரிஞ்சுது சார். பதில்தான் வரல.”

“உட்கார்ந்து யோசிச்சீங்களா?”

“பதினெட்டு நாள் யோசிச்சேன் சார். அதுக்கப்புறம் தூக்கம் வந்துடுச்சு.”

“சரி, காலையில எதுக்காக எழுந்திருக்கிறீங்க? அதைச் சொல்லுங்க.”

“முழிப்பு வந்துடுது சார்.”

அலுவலர் பொறுமைசாலி. பயிற்சிக்கெல்லாம் போய்வந்தவர். “இங்க பாருங்க, மனுஷனாப் பொறந்தா எங்கேயாவது போய்ச் சேரணும் இல்லையா?”

“ஏறுறவங்க எல்லாரும் எங்கேயோ போய்ச் சேரணும்னுதான் வர்றாங்க. கொண்டுபோய் விடுறேன். எனக்குன்னு ஒரு மாடி இல்ல சார்.”

அலுவலர் இதை எழுதிக்கொண்டார். பிறகு அடித்தார். “நல்லாத்தான் சொல்றீங்க. ஆனா இதுக்குப் படிவத்துல கட்டம் இல்லையே?” என்றார். ஒரு வாரம் அவகாசம் கிடைத்தது.

அந்த வாரம் லிஃப்ட்காரர் வீட்டில் நடந்ததை அவரே எனக்குச் சொன்னார். தரைத்தளத்திலிருந்து நாலாவது மாடிவரை எவ்வளவு சொல்ல முடியுமோ அவ்வளவாக, நாளுக்குக் கொஞ்சம் என்று சொன்னார்.

சேதி கேட்டு அவருடைய அக்கா வெள்ளைப் படிவத்தோடு வந்தாராம். மனைவியின் தம்பி நீலப் படிவத்தோடு வந்தாராம். இருவரும் பத்து வருடமாக ஒரே அறையில் உட்காராதவர்கள்.

“தம்பி, உன்னைப் படைச்சவனுக்குத் தெரியாதா, எதுக்குப் படைச்சான்னு? பேசாம வெள்ளையில கையெழுத்துப் போடு” என்றார் அக்கா.

“அவருக்குத் தெரியும்னா அவரே நிரப்பட்டும்க்கா. என்னை ஏன் கேக்கறாங்க?”

“மாமா, படைச்சவனும் கிடையாது, எதுக்குன்னும் கிடையாது. நோக்கத்தை நாமளே உண்டாக்கிக்கணும். நீலத்துல போடுங்க” என்றார் மச்சான்.

“நானே உண்டாக்கிட்டுக் கண்டுபிடிச்சேன்னு எழுதினா அது பொய் இல்லையா மச்சான்?”

அக்காவும் மச்சானும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். இந்த ஆள் உருப்படமாட்டான் என்பதில் மட்டும் ஆத்திகமும் நாத்திகமும் அன்று கைகோத்தன.

மனைவி தையல்காரி. வாயில் குண்டூசிகளோடு மெஷினில் உட்கார்ந்திருந்தவர், ஊசிகளை ஒவ்வொன்றாக எடுத்து வைத்துவிட்டுச் சொன்னார்: “இருபத்தெட்டு வருஷமா குடும்பம் நடத்துறேன். நோக்கம் இல்லாம இவரு நல்லாத்தான் இருக்காரு. நோக்கம் இருக்கிற உங்க ரெண்டு பேருக்கும்தான் ரத்தக்கொதிப்பு.”

அவர்கள் போனபிறகு அதே அம்மாள் சன்னக் குரலில், “ஊரே எதையோ எழுதிக் குடுத்துடுச்சு. நீங்களும் ஒண்ணு எழுதிட்டு வாங்களேன். வேலை போயிடுச்சுன்னா என்ன பண்றது?” என்றாராம்.

“எழுதலாம். ஆனா மூணு பிரதி கேக்கறாங்க. ஒரு பொய்யை மூணு தடவை எழுதினா எனக்கே நம்பிக்கை வந்துடுமே?”

அம்மாள் சிரித்துவிட்டார். ஆனால் அன்றைக்குத் தைத்த ரவிக்கைக்கு ஒரு கை நீளம், ஒரு கை குட்டை.

அவகாசம் முடிந்தது. ஆணை வந்தது. ‘நோக்கமற்ற ஊழியரால் இயக்கப்படும் இயந்திரம் நோக்கமின்றி இயங்குவதாகவே கொள்ளப்படும். நோக்கமின்றி இயங்குதல் மின்சார விரயமாகும். எனவே மறு உத்தரவு வரும்வரை லிஃப்ட் நிறுத்தப்படுகிறது. மேற்படி ஊழியர் அலுவலக நேரம் முழுவதும் அதன் பக்கத்தில் அமர்ந்து நோக்கத்தைத் தேட வேண்டும்.’

லிஃப்ட் பூட்டப்பட்டது. சாவி மட்டும் அவரிடமே இருந்தது. அதை வாங்கி வைத்துக்கொள்ள எந்தப் பிரிவுக்கும் அதிகாரம் இல்லை.

எல்லோரும் படியேறினோம். இரண்டாவது மாடிவரை ஆணையைப் பாராட்டினோம். மூன்றாவதில் பேச்சு நின்றது. அதிகம் அடிபட்டது ஏழாவது மாடிதான். நோக்க அலுவலர் கனத்த உடம்புக்காரர். காலை ஒன்பதரைக்கு ஏற ஆரம்பித்துப் பதினொன்றேகாலுக்கு இருக்கையை அடைவார். பன்னிரண்டு மணிவரை மூச்சு வாங்குவார். ஐந்து மணிக்கு வீட்டுக்குக் கிளம்ப வேண்டுமானால் நாலு மணிக்கே இறங்கத் தொடங்க வேண்டும். இடைப்பட்ட நேரத்தில் மற்றவர்களின் நோக்கங்களைப் பரிசீலிப்பார்.

லிஃப்ட்காரரை யாரும் ஏறெடுத்துப் பார்க்கவில்லை. பார்த்தவர்களும் சும்மா போகவில்லை. “உன் ஒருத்தனால எழுநூறு பேரு மூட்டு தேயுதுய்யா” என்றார்கள். சிலர் தங்களிடம் மிச்சமிருந்த நோக்கங்களைத் தர முன்வந்தார்கள். வேண்டாம் சார் என்றார். முழங்காலில் கை வைத்து முக்காலியில் உட்கார்ந்திருப்பார். வலது கை மட்டும் அவ்வப்போது தானாக வலப்பக்கம் திரும்பும், கைப்பிடியைத் திருப்புவதுபோல. அதைப் பார்க்கச் சகிக்காமல் நான் மறுபக்கமாக நடந்துபோவேன்.

எட்டாம் நாள் ஓர் அம்மாள் வந்தார். ஓய்வுபெற்ற நர்ஸ். அவர் சந்தில் தெருவிளக்கு எரியவில்லை. அந்த இருட்டில் விழுந்துதான் இடுப்பு உடைந்து கையில் கோல் வந்தது. ஆறாவது மாடியில் தெருவிளக்குப் பிரிவுக்குப் பதினொரு முறை வந்து போயிருக்கிறார். இது பன்னிரண்டாவது முறை. படிக்கட்டை அண்ணாந்து பார்த்தார்.

“லிஃப்ட் ஓடலையாப்பா?”

“ஓடும்மா. எனக்குத்தான் நோக்கம் இல்லையாம்.”

“எனக்கு இருக்குப்பா. ஆறாவது மாடி.”

லிஃப்ட்காரர் எழுந்தார். குண்டூசியும் வாயுமாக மனைவியின் முகம் கண்முன் வந்ததாகப் பின்னால் என்னிடம் சொன்னார். ஆனாலும் சாவியைப் போட்டுத் திறந்தார்.

அன்று மாலையே விசாரணை. நோக்கமற்றவர் மேலே வரக்கூடாது. அலுவலரால் கீழே வர முடியாது. ஆகவே மூன்றாவது மாடிப் படித் திருப்பத்தில் நாற்காலி போட்டார்கள்.

“தடையை மீறி ஏன் இயக்கினீங்க?”

“அந்தம்மா மேல போகணும்னாங்க சார்.”

அலுவலர் முகம் மலர்ந்தது. “ஆக, பிறருக்கு உதவுறதுதான் உங்க நோக்கம்! கிடைச்சுடுச்சுய்யா, எழுதுங்க!”

“இல்ல சார். மேல போறது அவங்க நோக்கம். எங்கிட்ட சாவி இருந்துச்சு, அவ்வளவுதான்.”

இரண்டு படிவங்களையும் மடியில் வைத்திருந்த குமாஸ்தா பேனாவைத் திறந்தார். “ஓட்டும்போது கடவுளை நினைச்சீங்களா, இல்லையா? எந்தக் கலர்னு தெரியணும்.”

“மூணாவது மாடியில கதவு சேருமான்னு நினைச்சேன்.”

“அது நம்பிக்கையில சேருமா, சேராதா?”

“அது கதவு சார்.”

குழு ஒரு மணி நேரம் கூடிப் பேசியது. வேலையை விட்டு நீக்கலாம் என்றார் ஒருவர். நீக்கினால் வேறு ஆள் வரும்வரை யார் ஓட்டுவது என்றார் இன்னொருவர். அலுவலர் முட்டியைத் தடவிக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டார். கடைசியில் சட்டப்படி ஒரு வழி பிறந்தது.

‘மேற்படி ஊழியரின் வாக்குமூலப்படி, நோக்கமானது ஏற்றுபவரைச் சாராமல் ஏறுபவரையே சார்ந்ததாகத் தெரியவருகிறது. எனவே அவருக்கு விலக்களிக்கப்படுகிறது. இனி லிஃப்டில் ஏறும் ஒவ்வொருவரும் மேலே போவதன் நோக்கத்தைப் பதிவேட்டில் எழுதிக் கையொப்பமிட வேண்டும். வேலை நிமித்தம், கடமை, மனித குல மேம்பாடு போன்ற பொதுச் சொற்கள் ஏற்கப்படமாட்டா.’

கட்டடமே கைதட்டியது. லிஃப்ட்காரரின் மனைவி அன்று மெஷினை மூடிவைத்துவிட்டு எட்டு மணிக்கே படுத்துத் தூங்கினாராம்.

மறுநாள் காலை வரிசை வாசலைத் தாண்டித் தெருவரை நின்றது. முதலில் டீக்காரர். ‘ஐந்தாவது மாடி, பதினாலு கப்’ என்று எழுதி ஏறினார். அடுத்து கோல் ஊன்றிய அந்த அம்மாள். ‘தெருவிளக்கு.’ அவரும் ஏறினார்.

மூன்றாவதாக நோக்க அலுவலர். பேனாவை வாங்கினார். ‘நோக்கம் கண்டறிய’ என்று எழுதினார். ஆனால் எழுநூற்றுப் பதினொரு பேர் கண்டறிந்தாயிற்று. ஒருவருக்கு விலக்கும் கொடுத்தாயிற்று. அடித்தார். யோசித்தார். ‘மேற்பார்வை’ என்று எழுதினார். எதை என்று பக்கத்தில் ஒரு கட்டம் இருந்தது. அந்தக் கட்டத்தைப் போடச் சொன்னவரும் அவர்தான். அதையும் அடித்தார்.

“அவசரமில்ல சார்” என்றார் லிஃப்ட்காரர்.

அலுவலர் பேனாவை மூடினார். “முட்டிவலிக்குப் படியேறுறதுதான் நல்லதுன்னு டாக்டர் சொல்றார்” என்று பொதுவாகச் சொல்லிவிட்டுப் படியை நோக்கி நடந்தார். அவர் பின்னால் ஏழாவது மாடி. அதன் பின்னால் ஆறாவது, ஐந்தாவது. எங்கள் பிரிவும் போயிற்று. மத்தியானம்வரை பதிவேட்டில் அடிக்கப்படாத வரி இரண்டே.

மூன்றாம் நாள் ஆறாவது மாடித் தெருவிளக்குப் பொறியாளருக்குக் கணுக்கால் வீங்கிவிட்டது. ஏறவும் வேண்டும், எழுதவும் வேண்டும். அரை மணி நேரம் தலையைச் சொறிந்து, ‘நர்ஸ் அம்மா சந்தில் விளக்கு மாற்ற உத்தரவு போட’ என்று எழுதினார். எழுதிக் கையெழுத்தும் போட்டுவிட்டதால் வேறு வழியில்லாமல் மேலே போய் உத்தரவையும் போட்டார். சாயங்காலம் விளக்கு எரிந்தது. நாலாம் நாள் அவருக்கு எழுத ஒன்றும் இல்லை. வீங்கிய காலோடு படியேறினார்.

அந்த அம்மாள் மறுபடி வந்தார். ‘விளக்கு எரிகிறது என்று சொல்ல’ என்று பதிவேட்டில் எழுதி, ஆறாவது மாடிக்குப் போனார். அங்கே ஒருவரும் இல்லை. எல்லோரும் இன்னும் படியில்தான் வந்துகொண்டிருந்தார்கள். கீழே இறங்கி லிஃப்ட்காரரிடமே சொல்லிவிட்டுப் போனார்.

நானும் நாலு மாதம் படியேறினேன். ஒரு மழை நாளில் கால் சுளுக்கிக்கொண்டது. நொண்டிக்கொண்டே லிஃப்டுக்கு முன்னால் போய் நின்றேன்.

“வாங்க சார். நாளாச்சு” என்று பதிவேட்டை நீட்டினார்.

நான் வீட்டிலேயே யோசித்து வைத்திருந்தேன். ‘மூலத்தையும் நகலையும் ஒப்பிட’ என்று எழுதினேன். பொய் இல்லை, பொதுச் சொல்லும் இல்லை. அவர் எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டுத் தலையாட்டினார். கதவு சேர்ந்தது. எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. எழுநூறு பேரால் முடியாததை முடித்துவிட்டேனே.

இரண்டாவது மாடி தாண்டும்போது, “ஒப்பிட்டதுக்கு அப்புறம் அது எங்க சார் போகும்?” என்று கேட்டார். குரலில் கிண்டல் துளியும் இல்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

“அஞ்சாவது மாடிக்குப் போகும்.”

“அங்க என்ன பண்ணுவாங்க?”

“அதுக்கு இன்னொரு நகல் எடுப்பாங்க.”

“அப்புறம்?”

“எங்ககிட்ட வரும். சரியா இருக்கான்னு பார்க்க.”

மூன்றாவது மாடியில் தோளால் ஓர் இடி கொடுத்தார். நாலாவது மாடி வந்தது. கதவைத் திறந்து பிடித்துக்கொண்டார்.

நான் இறங்கவில்லை. தாழ்வாரத்தில் என் பிரிவின் விளக்குகள் எரிந்தன. எல்லோரும் குனிந்து வேலை பார்த்துக்கொண்டிருந்தார்கள். இருபத்திரண்டு வருடம் நான் உட்கார்ந்த நாற்காலி தெரிந்தது. அவரும் என்னை அவசரப்படுத்தவில்லை.

கீழே யாரோ மணி அடித்தார்கள். மறுபடியும் அடித்தார்கள்.

“கொஞ்சம் இறங்கிக்கிறீங்களா சார்?” என்றார் மரியாதையாக. “யாருக்கோ வேலை இருக்குபோல.”