நல்ல நேரத்தில் ஒரு ரிலீஸ்

"ரிஷிக்கு டெங்கியாம் பாஸ். ஹாஸ்பிட்டல்ல படுத்துட்டான்" என்றாள் புனிதா.

"அதுக்கு?" என்றார் ஜெயராஜ். கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் இருந்த அந்தச் சின்ன சாப்ட்வேர் கம்பெனியின் முதலாளி.

"வெள்ளிக்கிழமை சேலைக்கடை ஆப் ரிலீஸ். புரோகிராம் எழுதுறவனே அவன்தான். இன்னும் பாதிகூட முடியல."

"நாம தேதிய தள்ளக்கூடாது லா. தள்ளினா உன் வேலைய நிரந்தரமாக்குறதையும் தள்ளிருவேன். கஸ்டமரே தள்ளினா அது வேற கதை."

விடுவாளா புனிதா? கிள்ளானில் புதுச் சேலைக்கடை திறக்கவிருந்த தம்புசாமிக்கு உடனே போன் போட்டாள். மனிதர் நேரம் பார்க்காமல் தும்மக்கூட மாட்டார்.

"அங்கிள், வெள்ளிக்கிழமை பதினோரு மணி ராகு காலத்துல விழுதே! நாள மாத்திரலாமா?"

மறுமுனையில் ஒரு பெருமூச்சு. "சீக்கிரமே முடிக்க இவ்வளோ ஆர்வமாம்மா! ஐயரைக் கேட்டுச் சொல்றேன்."

கேட்டுச் சொன்னார். "வியாழக்கிழமை காலைல அருமையான நேரமாம்!"

அட கடவுளே, கிணறு வெட்டப் பூதம் கிளம்பிவிட்டது! புனிதா ஆப்பில் பணம் கட்டும் பகுதியைத் தூக்கினாள். சேலை கைக்கு வந்ததும் கொடுத்தால் போதாதா? அப்படியும் வேலை முடிகிற வழியாகத் தெரியவில்லை. மறுபடி போன்.

"அங்கிள், வியாழக்கிழமை எனக்குச் சந்திராஷ்டமம். நான் எதைத் தொட்டாலும் வெளங்காது."

"ஐயையோ! அப்ப புதன்கிழமையே வச்சிருவோம். பொன் கிடைச்சாலும் புதன் கிடைக்காதும்மா!"

புதன் என்றால் நாளைக்கு.

வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். இப்போது ஆர்டர் எடுக்கும் பகுதி போனது, தேடும் பகுதியும் போனது. சேலைப் படங்களைத் தம்புசாமி அனுப்பவே இல்லை, அதுவும் நல்லதாய்ப் போயிற்று. கடைசியில் மிஞ்சியது ஒரு லட்சுமி படமும், கடைக்குப் போன் போட ஒரு பட்டனும்தான்.

புதன்கிழமை கடையில் தம்புசாமி கம்ப்யூட்டருக்குச் சந்தனப் பொட்டு வைத்து, கற்பூரம் காட்டி, பட்டனை அழுத்தினார். கல்லாவில் போன் அடித்தது. அவ்வளவுதான் ஆப்.

தொலைந்தோம் என்று நினைத்தாள் புனிதா. தம்புசாமியோ, "இதுவே போதும்மா, இதுவே போதும்!" என்று அவள் நெற்றியில் திருநீறு பூசிவிட்டார்.

அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. மெல்ல நழுவிக் கல்லாவில் இருந்த நல்லம்மாளிடம் போனாள்.

"ஆன்டி, ரேக்கெல்லாம் ஏன் திரை போட்டு மூடியிருக்கு?"

நல்லம்மாள் குரலைத் தாழ்த்தினார். "சேலை வந்துசேர இன்னும் ஒரு மாசம் ஆகும்மா. தானா தள்ளினா மரியாதையா இருக்காதுன்னு, நீயா தள்ளிக் கேப்பேன்னு எங்க முதலாளி காத்துக்கிட்டே இருந்தாரு, நீதான் போன் மேல போன் போட்டு அவசரப்படுத்திட்ட!"