கிளவுஸ் துரை வீட்டுச் சம்பந்தம்

உங்களுக்கு என்னத்துக்கு அந்தக் கதை? அடுத்த வீட்டு வெள்ளைக்காரனின் பரம்பரையைக் கேட்டு என்ன செய்யப் போகிறீர்கள், சம்பந்தம் பேசப் போகிறீர்களா? சொந்தக் கொப்பாட்டனின் பெயரைக் கேட்டால் முகட்டைப் பார்க்கிற ஆட்கள் நீங்கள். சரி, கேட்டுவிட்டீர்கள். தேத்தண்ணி ஆறுவதற்குள் சொல்லிவிடுகிறேன். இடையில் மறித்துக் கேள்வி கேட்டால் பாதியில் எழும்பிப் போய்விடுவேன்.

கிளவுஸ் துரையைப் போல ஒரு மனிதர் லண்டனில் அவருக்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. செவன் கிங்சில் எங்கள் வீட்டுக்கும் அவர் வீட்டுக்கும் நடுவில் ஒரு பலகை வேலிதான். அத்தனை வருஷத்தில் அவர் என் முகத்தை ஒரு தரமும் பார்க்கவில்லை. கையைத்தான் பார்ப்பார். பஸ் தரிப்பில் மூக்கு வரை மூடிக் கட்டிக்கொண்டு நின்றாலும் கையைக் கண்டு குட் மோர்னிங் சொல்லுவார். கையைப் பொக்கற்றுக்குள் வைத்திருந்தேனோ, அன்றைக்கு நான் அவருக்கு அந்நிய மனுஷி.

குளிர் தொடங்கினால், ரோட்டில் யாரும் தவறவிட்ட ஒற்றைக் கிளவுசையெல்லாம் பொறுக்கி வந்து முன்வேலிக் கம்பிகளில் மாட்டிவிடுவார், சொந்தக்காரர் கண்டு எடுக்கட்டும் என்று. தூரத்திலிருந்து பார்த்தால் ஒரு கூட்டம் மண்ணுக்குள் நின்று கை காட்டுகிற மாதிரி இருக்கும். கோயிலுக்குப் போகிற எங்கள் சனம் அதைக் கண்ணூறு நாவூறு படாமலிருக்கக் கட்டியிருக்கிறது என்று நினைத்துவிட்டது. வெள்ளைக்காரனே கட்டுகிறான் என்றால் பலன் இல்லாமலா? கொஞ்ச நாளில் எங்கள் தெருவில் பல வாசலிலும் ஒற்றைக் கிளவுஸ் தொங்கியது. துரை அவற்றையும் சோடி தேடிக் கழற்றிக்கொண்டு போனார். அதனால் வந்த சண்டைகளைச் சொல்லப் போனால் தேத்தண்ணி ஐஸ் ஆகிவிடும்.

அவருடைய ஆட்கள் தலைமுறை தலைமுறையாக ஏதோ ஒரு கிராமத்தில் தோல் கிளவுஸ் தைத்தவர்கள். ஊரின் பெயர் என் வாய்க்குள் நுழையாது. என் இங்கிலீஷ் கடைக்குப் போய் வர மட்டும் காணும். ஆனால் அவருடைய கதைக்கு அது போதும், மிச்சத்தைக் கையால் சொல்லிவிடுவார். தோலைப் பதப்படுத்த முட்டையின் மஞ்சள் கரு வேண்டுமாம். அதனால் அந்த வீட்டுப் பிள்ளைகள் வெள்ளைக் கருவிலேயே வளர்ந்தவை. துரையின் தகப்பன் மஞ்சளோடு ஒரு முட்டையை முதன்முதலில் கண்டது பள்ளிக்கூடத்தில்தானாம். முட்டைக்கு ஏதோ நோய் வருத்தம் என்று நினைத்து அழுதாராம். தோலை மெத்தென்று ஆக்க இன்னொரு சாமானும் வேண்டுமாம்: நாய்ப் பீ. பூட்டன் காலையில் வாளியோடு புறப்பட்டால் ஊர் நாய்களெல்லாம் மரியாதையாக எழும்பி நிற்குமாம்.

அந்த மணத்தோடு யார் பொம்பிளை கொடுப்பார்கள்? போய்க் கேட்ட இடமெல்லாம் மூக்கைப் பொத்திக்கொண்டு கதவைச் சாத்தினார்கள். பூட்டன் யோசித்தார். தண்ணீர் அள்ளுகிற இடத்தில் ஒரு பெட்டையின் கையை மட்டும் தூரத்தில் நின்று கண்டு வைத்திருந்தார். கண்ணாலேயே அளவெடுத்து, ஆட்டுக்குட்டித் தோலில் இடக்கைக்கு மட்டும் ஒரு கிளவுஸ் தைத்து, அவள் வீட்டு மதிலுக்கு மேலால் எறிந்துவிட்டு ஓடி வந்துவிட்டார். அவள் போட்டுப் பார்த்தாள். இன்னொரு தோல் மாதிரிப் பிடித்தது. மற்றது எங்கே என்று கேட்டுத் தானே தேடி வந்தாள். வந்த பிறகுதான் அந்த மணம் மூக்கில் அடித்தது. அதற்குள் வலக்கையையும் மாட்டிவிட்டாள்.

அன்றிலிருந்து அந்தக் குடும்பத்தில் சாதகமும் இல்லை, தரகரும் இல்லை. இடக்கையைக் கொடுப்பார்கள். மற்றதைக் கேட்டு வந்தால் சம்மதம், வராவிட்டால் வலக்கை மேசை லாச்சிக்குள் கிடக்கும். ஆனால் பெண்ணுக்கு முன்கூட்டி யாரும் சொல்லக்கூடாது. ஒரு சித்தப்பன் இடக்கை கொடுத்த பெண்ணுக்குச் சொல்லிவிட்டார்கள், அவள் சோடியையும் வாங்கிப் போட்டுக்கொண்டு பால்காரனோடு போய்விட்டாள். இன்னொரு சட்டமும் உண்டு: யார் வந்து கேட்கிறாளோ அவள்தான் பொம்பிளை. துரையின் பாட்டன் ஒரு வீட்டில் தங்கச்சிக்குக் கொடுத்த கிளவுசைத் தமக்கை கொண்டுவந்து மற்றது எங்கே என்று கேட்டுவிட்டாள். தமக்கையைத்தான் கட்டினார். சந்தோஷமாக இருந்தார்களா என்று விசாரித்தேன். விரல் கொஞ்சம் இறுக்கம் என்றார் துரை.

துரையும் இளவயதில் ஒருத்திக்கு இடக்கை கொடுத்திருக்கிறார். அவள் கேட்டு வரவில்லை. அதைச் சொல்லும்போது மட்டும் தன் கைகள் இரண்டையும் பொக்கற்றுக்குள் வைத்துக்கொண்டார்.

இனிக் கனகம். எங்கள் மேல் அறையில் வாடகைக்கு இருந்தவள். பாரிசில் கனகாலம் இருந்துவிட்டு வந்தவள். அறுபதைத் தொட்டும் கலியாணம் கட்டவில்லை. ஏன் என்று கேட்டால் சாதகத்தில் செவ்வாய் என்பாள். இன்னும் கேட்டால் உங்கட வாயிலை சனி என்பாள். ஊரில் சண்டை நின்று சமாதானப் பேச்சு நடந்த காலம் அது, எல்லாரும் ஊருக்குப் போய் வந்துகொண்டிருந்தார்கள். கனகம் மட்டும் போகவில்லை. இடியப்ப ஓடர் இருக்கிறது என்பாள். செவன் கிங்சில் எந்த வீட்டில் விசேஷம் என்றாலும் இடியப்பமும் பிட்டும் அவள் அவித்தால்தான்.

ஒரு நாள் பின்வளவில் உடுப்புக் காயப் போட்டுவிட்டு வந்தவளின் கையில் ஒற்றைக் கிளவுஸ். அவித்த முட்டையின் வெள்ளை நிறம். பூனைக்குட்டியின் காது மாதிரி மெத்தென்று இருந்தது.

“அக்கா, இந்தாளுக்கு விசரோ? வேலிக்கு மேலாலை இதைத் தந்திட்டு உள்ளுக்கு ஓடுறார். ஒண்டை வைச்சு நான் என்ன செய்யிறது?”

வாங்கிப் பார்த்தேன். இடக்கை. சொல்ல வாய் உன்னியது, உடனே அந்தப் பால்காரன் நினைவுக்கு வந்தான். நானே போய் மற்றதைக் கேட்டு வாங்கி வரலாம் என்றால், கேட்டவள்தான் பொம்பிளை. பேரப்பிள்ளைகளுக்கு நான் என்னத்தைச் சொல்லுவது? ஆகவே வாயை மூடினேன். ஒரு விஷயத்தை நான் அடக்கி வைத்தது அதுதான் முதல் தரம். வயிறு ஊதிவிட்டது.

கனகம் அந்தக் கிளவுசால் என்ன செய்தாள் தெரியுமா? இடியப்பச் சட்டி இறக்கினாள். சுடவில்லையாம், நல்ல சாமானாம். ஆவியில் நனைந்து பிட்டு மணத்தோடு அது எங்கள் கொடியில் கிளிப்பில் தொங்கும். துரை வேலிக்கு அங்கால் நின்று அதையே பார்ப்பார். மழையிலும் நின்று பார்ப்பார். அவவுக்குப் பிடித்திருக்கிறதா என்று என்னைக் கேட்டார். சமையற்கட்டில் கழற்றுவதேயில்லை என்றேன். பொய்யில்லையே.

ஆனால் அவள் மற்றதைக் கேட்கவில்லை. துரை ரோட்டில் கிளவுஸ் பொறுக்குவதை விட்டார். ஒரு நாள் என் கையைக் கண்டும் குட் மோர்னிங் சொல்லாமல் போனார். அன்றைக்குத்தான் பயந்தேன். இரண்டாவது முறையும் ஒருத்தி கேட்காமல் விட்டால், அந்த மனுஷன் இனி யாருக்கும் ஊசியில் நூல் கோக்கமாட்டார்.

அந்தக் கிழமை, பெரியபிள்ளையான ஒரு பெட்டையின் சாமத்தியவீட்டு ஓடர். பெரிய சட்டியை இறக்கும்போது கனகத்தின் இடக்கைக்குக் கிளவுஸ், வலக்கைக்குப் பழந்துணி. ஆவி அடித்து வலக்கை சிவந்துவிட்டது. குழாயின் கீழ் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். துரை வீட்டுச் சட்டம் சொல்லக்கூடாது என்றுதான் சொல்கிறது. கொளுத்திப் போடக்கூடாது என்று சொல்லவில்லை.

“ஏன் கனகம், எங்கட ஊரிலை இடக்கையாலை ஆருக்குக் குடுக்கிறது?”

“ஏன் கேக்கிறியள்?”

“இல்லை, இடக்கைக்கு மட்டும் தந்திருக்கிறார். சாப்பிடுற கைக்குத் தரேல்லை. எங்களை என்னெண்டு நினைச்சாரோ.”

அவள் குழாயைக்கூடப் பூட்டவில்லை. கிளவுசைத் தூக்கிக்கொண்டு, செருப்பை அரைக்காலில் கொழுவிக்கொண்டு போனாள். நான் பின்னால் ஓடினேன். ஓடினேன் என்பது வாய்ப்பேச்சு, என் முழங்காலுக்கு அது ஓட்டம்.

துரை கதவைத் திறந்தார். கனகம் கிளவுசை அவர் மூக்குக்கு நேரே ஆட்டி, தமிழிலும் இங்கிலீசிலும் பிரெஞ்சிலும் மாறி மாறிக் கேட்டாள்.

“மற்றது எங்கை? வலக்கை எங்கை? ஒண்டைத் தந்து ஆரை ஏமாத்துறீர்?”

மனுஷன் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார். அப்போதுதான் ஒரு முகத்தைப் பார்த்தார். நெற்றியிலிருந்து நாடி வரை கனகத்தின் முகத்தை, இப்படி ஒரு சாமான் மனிதருக்கு இருக்கிறதா என்கிற மாதிரிப் பார்த்தார். பிறகு உள்ளே போய் ஒரு பிஸ்கற் ரின்னோடு வந்தார். அதற்குள் வலக்கை. சிவந்த கையை ஊதி ஊதி, விரல் விரலாக அவரே மாட்டிவிட்டார். மாட்டிவிட்டு ஒற்றை முழங்காலில் இருந்தார். இருந்தவருக்கு எழும்ப ஏலவில்லை. நான் ஒரு கக்கத்தில் பிடிக்க, கனகம் கிளவுஸ் போட்ட இரண்டு கையாலும் இழுத்துத் தூக்கினாள். நிமிர்ந்த பிறகு, மூச்சு வாங்க வாங்கப் பரம்பரைக் கதை முழுவதையும் அவளுக்குச் சொன்னார். பூட்டன், மதில், பால்காரன் எல்லாம் வந்தார்கள். நாய்களை மட்டும் விட்டுவிட்டார்.

கனகம் என் பக்கம் திரும்பினாள்.

“அக்கா, இது உங்களுக்கு முதலே தெரியுமோ?”

“எனக்கு இங்கிலீஷ் தெரியாதெண்டு உனக்குத் தெரியும்தானே.”

அவள் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். செவ்வாய் என்று தொடங்கப் போகிறாளோ என்று எனக்குப் பதைப்பு. துரைக்கு அதைவிடப் பதைப்பு, பாவம், அவருக்குச் செவ்வாய் என்றால் என்னவென்றே தெரியாது. கனகம் குனிந்தாள். செருப்பைக் கழற்றி, வாசலின் ஓரத்தில் சோடியாக வைத்தாள். எங்கள் ஆட்கள் சண்டை பிடிக்கச் செருப்புக் கழற்றுவதில்லை. உள்ளே போகத்தான் கழற்றுவார்கள்.

நான் திரும்பி வந்து குழாயைப் பூட்டினேன். சாமத்தியவீட்டு இடியப்பத்தை நானே அவித்து முடித்தேன், பழந்துணியோடு.

அதற்குப் பிறகு தெருவில் கேட்காத ஆள் இல்லை. கனகத்தின் செருப்பு ஏன் வெள்ளைக்காரன் வாசலில் கிடக்கிறது, காலையிலும் கிடக்கிறதே, மழையில் நனைகிறதே என்று ஒவ்வொருத்தியாக வந்து விசாரித்தார்கள். எனக்கோ வாயில் சனி. எவ்வளவோ சொல்லியிருக்கலாம்.

“இரண்டு பேருக்கும் கனகாலமாய்க் கை குளிர்ந்தது, பிள்ளை,” என்று சொன்னேன். “வேறை ஒண்டும் இல்லை.”