இமையில் இருந்த பொன்

பொஹாங் மீன் சந்தையில் காய்ந்த மீனுக்கெல்லாம் ராணியாக வீற்றிருக்கும் என் அக்கா தாக் மல்-சுன்னுக்கு, தேகு நகரத்திலிருந்து தம்பி ப்யோங்-ஹோ வணங்கி எழுதுவது. இங்கே நானும் ஓக்-ஹீயும் மகள் சோ-தாமும் உயிரோடு இருக்கிறோம். இப்போதைக்கு அதைவிட அதிகமாகச் சொல்வதற்கில்லை. உன் முழங்கால் வலி குறைந்து, கடலும் உன்னிடம் மரியாதையாக நடந்துகொள்கிறது என்று நம்புகிறேன். நீ அனுப்பிய மீன் கட்டு வந்து சேர்ந்தது. ஓக்-ஹீ அதை அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டாள். ஏன் பூட்டினாள் என்பதுதான் இந்தக் கடிதம்.

அக்கா, நம் இருவருக்கும் மூக்கை ஒட்டி மேல் இமையில் மஞ்சளாக ஒன்று உட்கார்ந்திருக்கிறதே, அப்பாவுக்கும் இருந்ததே, அந்த இமைதான் வீடும் நிலமும் எழுதப்பட்ட இடம், அங்கே பொன் விளைந்தவன் வீடு வாங்குவான் என்று முகம் பார்த்துச் சொல்கிறவர் எனக்குச் சொல்லியிருந்தார். அவர் சொன்ன மறு வருடமே அடுக்குமாடி வீட்டுக் குலுக்கலில் என் பெயர் விழுந்தது. ஒரு பஸ் டிரைவருக்கு அது என்ன சின்ன விஷயமா? அன்றிலிருந்து நான் முகம் கழுவும்போதுகூட அந்த இடத்தைத் தேய்ப்பதில்லை. பொதுக் குளியலறையில் முதுகு தேய்க்கிறவரிடமும் கழுத்துக்கு மேலே வராதே என்று சொல்லி வைத்திருந்தேன். அப்படிக் காப்பாற்றிய பொன்னைத்தான் பட்டப்பகலில் எரித்துவிட்டார்கள்.

சோ-தாமுக்கு பழம்பெருமை பேசும் ஆண்டோங் ஊர் குக் வம்சத்துப் பையன் அமைந்திருப்பது உனக்குத் தெரியும். இரண்டு குடும்பமும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட நாள் குறித்ததிலிருந்து ஓக்-ஹீக்குத் தூக்கமில்லை. ஒரு நாள் காலை சோற்றுக் கிண்ணத்தை வைத்தவள் என் முகத்தையே உற்றுப் பார்த்தாள்.

"என்னங்க, அந்தப் பையனோட அம்மா கண்ணைப் பாத்துத்தான் பேசுவாங்களாம். உங்க கண்ணுல ரெண்டு பூசணி விதை ஒட்டிக்கிட்டிருக்கு."

"அது பொன்."

"பொன்னா இருந்தா என்னைக்கோ அடகு வச்சிருப்பேன். கிளம்புங்க."

அவள் கூட்டிக்கொண்டு போன தோல் மருத்துவமனையில் இமையில் மடிப்பு வைக்கவும் மூக்கை நிமிர்த்தவும் வந்த சின்னப் பெண்களுக்கு நடுவில் நான் ஒருவன்தான் பேரன் எடுக்கும் வயதில் இருந்தேன். நர்ஸ் "அப்பா, இங்க வாங்க, அப்பா, படுங்க, அப்பா, அசையாதீங்க" என்று அரை மணி நேரத்தில் அழைத்த அளவுக்கு என் சொந்த மகள் ஒரு வருடத்தில் அழைத்ததில்லை. டாக்டரம்மா என் குளிர்கோட்டைவிட வயது குறைந்தவள். "இது கொழுப்புப்பா. ரத்தத்துல அதிகமானா சில பேருக்கு இமைல வந்து உக்காந்துக்கும். லேசர்ல எடுத்துடலாம். திரும்ப வரவும் செய்யலாம். ரத்தத்தையும் பாத்துடுவோம்" என்றாள். மரத்துப்போக வைக்கும் களிம்பைத் தடவி, கருவிழி மேல் கிண்ணம் மாதிரி ஒரு மூடியைச் செருகி, டிக் டிக் என்று ஆரம்பித்தார்கள். வலி இல்லை அக்கா. வாசனைதான் வந்தது. நம் தெருமுனைக் கடையில் கரி அடுப்பில் மாக்சாங் குடல் சுடும் அதே வாசனை. என் பொன் கருகிக்கொண்டிருக்கிறது, என் வாயில் எச்சில் ஊறுகிறது. என்னை நினைத்து எனக்கே அதிர்ச்சியாகிவிட்டது.

அதைவிடப் பெரிய அதிர்ச்சி ரத்தப் பரிசோதனை முடிவு வந்தபோது. டாக்டரம்மா தாளைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், வேறு ஆளுடையதோ என்று மறுபடி பெயரைப் பார்த்தாள்.

"அப்பா, மாக்சாங் பிடிக்குமா?"

"தேகுக்காரன்கிட்ட கேக்கற கேள்வியாம்மா இது?"

"இனிமே பிடிக்காது" என்று மாத்திரை எழுதிக் கொடுத்தாள்.

சம்பந்தி வீட்டாரைச் சந்திக்கும் நாளில் புண்ணின் பொருக்கு உதிரவில்லை. மஞ்சள் இருந்த இடத்தில் இப்போது கறுப்பு. ஓக்-ஹீ கறுப்புக் கண்ணாடியை மாட்டிவிட்டாள். தாத்தாவுக்குத் தாத்தா பெயரைத் தூக்கத்தில் கேட்டாலும் சொல்கிற ஆண்டோங்காரர்கள் முன்னால், சாப்பாட்டு அறைக்குள், கறுப்புக் கண்ணாடியோடு சம்மணமிட்டு உட்கார்ந்தேன். சூதாட்டக் கடன் வசூலிக்க வந்தவன் மாதிரி இருந்திருப்பேன். பையனின் அம்மா கரண்டியைத் தொடவில்லை. அவர் தொடாததால் யாருமே தொடவில்லை. சூப் ஆறிக்கொண்டிருந்தது.

"சம்பந்தி, ரூமுக்குள்ள வெயில் ஜாஸ்தியா இருக்கா?" என்று கேட்டார்.

கழற்றினேன். திருடு போன வீட்டைப் பார்ப்பது போல் என் முகத்தைப் பார்த்தார்.

"பொன் எங்க?"

அக்கா, விஷயம் இதுதான். சோ-தாம் கொடுத்த எங்கள் குடும்பப் படத்தை அந்த அம்மா ஆண்டோங்கில் முகம் பார்ப்பவரிடம் காட்டியிருக்கிறார். அவர், தகப்பன் இமை இரண்டிலும் பொன் இருக்கிறது, இந்த வீட்டை விடாதே என்று சொல்லியிருக்கிறார். குக் வம்சம் பஸ் டிரைவர் வீட்டுக்கு இறங்கி வந்ததே அதற்காகத்தான். அதை அவர்களுக்காகவே எரித்துவிட்டு வந்து உட்கார்ந்திருக்கிறோம். பையன் தலை கவிழ்ந்தான். கல்யாணம் என் கண்ணெதிரே கையை விட்டுப் போய்க்கொண்டிருந்தது.

அப்போது சோ-தாம் பேசினாள். "இமைலதான் போச்சு அத்தை. ரத்தத்துல அப்படியே இருக்கு. டாக்டரே எழுதிக் குடுத்திருக்காங்க."

அந்த அம்மா முகம் கொஞ்சம் தெளிந்தது. விடுவாளா ஓக்-ஹீ? "பரம்பரைப் பொன்னுங்க. இவங்க அப்பாவுக்கு இதைவிடப் பெருசா இருந்துச்சு" என்றாள்.

"அப்படியா. அவர் எத்தனை வயசு வரைக்கும் இருந்தார்?"

நான்தான் சொன்னேன். காலை ஏலத்தில் மீன் பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார், எழுந்திருக்கவில்லை, என் இப்போதைய வயதுக்கு அவர் வரவேயில்லை என்று. எத்தனையோ தடவை சொன்ன கதைதான். அன்றைக்குத்தான் அது என் காதில் விழுந்தது. அப்பா முகத்தில் எச்சரிக்கை இருந்திருக்கிறது அக்கா. நாம் அதை அதிர்ஷ்டம் என்று ஊரெல்லாம் காட்டியிருக்கிறோம்.

அந்த அம்மா எட்டி என் முன்னால் இருந்த விலா எலும்புக் கறியை எடுத்து, "இவர் இமை சுத்தமா இருக்கு, இவர் சாப்பிடட்டும்" என்று தன் வீட்டுக்காரர் பக்கம் நகர்த்தினார். கீரைக் கிண்ணங்களை எல்லாம் என் பக்கம் தள்ளினார்.

"சாப்பிடுங்க சம்பந்தி. கல்யாணத்தன்னிக்குப் பொண்ணைக் கையைப் பிடிச்சு நீங்கதான் நடத்திக் கூட்டிட்டு வரணும். சட்டம் போட்ட படமா வந்து நின்னா எங்களுக்கு ஒத்துவராது."

சொல்லிவிட்டுக் கரண்டியை எடுத்தார். எனக்கு அழுகை வந்துவிட்டது. புண்ணில் தண்ணீர் படக்கூடாது என்றுதான் டாக்டரம்மா சொன்னாள், கண்ணீரைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

ஆகவே அக்கா, கல்யாணம் வசந்தத்தில் நிச்சயம். நான் புல் தின்று வாழ்கிறேன், உன் மீன் கட்டு பூட்டுக்குள் இருக்கிறது. நீயும் தாமதிக்காமல் பஸ் ஏறி வந்து உன் இமையில் இருப்பதை எரித்துவிடு. அது பொன் இல்லை. உன் ரத்தத்தையும் பார்த்துவிடுவோம். அத்தானுக்கு என் வணக்கம். உன் கடையில் கூட்டம் குறையாமல், உன் வீட்டில் சளி இருமல் எட்டிப் பார்க்காமல் இருக்கட்டும்.

உன் சொல்லைத் தட்டாத தம்பி,
தாக் ப்யோங்-ஹோ

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும்போது சம்பந்தியம்மா ஃபோன் செய்தார். என் பொன்னிமையைப் பற்றி ஆண்டோங் சொந்தம் முழுக்கச் சொல்லி வைத்துவிட்டாராம். அதனால் கல்யாணத்தன்று காலையில் அலங்காரக்காரியை விட்டு என் இமையில் அதைத் திரும்ப வரைந்துவிட வேண்டுமாம். அவளுக்குப் பார்த்து வரைய மாதிரி வேண்டும். ஆகையால் உன்னுடையதைத் தொடாதே, எரிக்காதே, தேய்க்கக்கூடச் செய்யாதே. ரத்தப் பரிசோதனைக்கு மட்டும் உனக்கு வியாழக்கிழமை காலை இடம் பிடித்திருக்கிறேன். வெறும் வயிற்றோடு வா. கல்யாணம் வரைக்கும் மாதிரி உயிரோடு இருக்க வேண்டும்.