கடலுக்குச் சைரன் கிடையாது

ரிங்லெட்,
கேமரன் மலை.
14.8.1979

மதிப்பிற்குரிய அத்தான் கனகராஜ் அவர்களுக்கு,

மைத்துனன் சுகுமாரன் எழுதுவது. இங்கு நானும் பத்மாவும் நலம். என் இடது கால் சப்பாத்து மட்டும் தெலுக் ஆன்சனைத் தாண்டி ஒரு சேற்றில் நிரந்தரமாகத் தங்கிவிட்டது. அக்காவின் மூட்டுவலி குறைந்திருக்கும் என்றும், பிள்ளைகள் உங்கள் சொல்லைக் கேட்கிறார்கள் என்றும் நம்பி விஷயத்துக்கு வருகிறேன்.

ஒன்பது வருடமாகக் கடல்வாழ் உயிரினங்களைக் கரும்பலகையில் வரைந்தே உயிரியல் ஆசிரியராகக் காலத்தை ஓட்டிவிட்டேன். இந்த வருடம் ஐந்தாம் படிவத்துப் பதினொரு பேரைக் கடலுக்கே கூட்டிப்போவது என்று ஒரு வேகம் வந்தது. எல்லாரும் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைகள்; அவர்கள் பார்த்த பெரிய தண்ணீர் இங்குள்ள அணைக்கட்டு ஏரிதான். பத்து வீட்டில் சரி என்றார்கள். பதினோராவது வீடு கொழுந்தெடுக்கும் பாஞ்சாலை அம்மாளுடையது. மகள் நளினி என் வகுப்பிலேயே கெட்டிக்காரி, ஆறாம் படிவம் போக வேண்டியவள். ஆனால் அந்த அம்மாளின் தம்பி ஏரியில் மூழ்கிப் போனவன், அதனால் தண்ணீர் என்றாலே அவருக்கு ஆகாது. "அனுப்புறேன் சார். ஆனா பாவாட ஓரங்கூட நனையாமக் கொண்டாந்து வுட்டுறணும். நனைஞ்சிச்சின்னா படிச்சது போதும், திங்கக்கெழம ஆபீசுல பேரு பதிஞ்சி என்னோட கொழுந்தெடுக்கக் கூட்டிக்கிட்டுப் போயிருவேன்" என்றார். நானும் தலையை ஆட்டி வாக்குக் கொடுத்தேன்.

போன சனிக்கிழமை, திரிங்காப்பிலிருந்து முட்டைக்கோஸ் ஏற்றிப்போகும் பக்கிரிசாமியின் லாரியில், கோஸுக்கு மேல் உட்கார்ந்து போனோம். எல்லாரும் கம்பளிச் சட்டை. அந்த வெயிலிலும் ஒருவரும் கழற்றவில்லை, வெளியூர் போனால் போட வேண்டிய சட்டை அதுதான் என்பது எங்கள் ஊர் மரியாதை. தெலுக் ஆன்சனைத் தாண்டிக் கடற்கரையில் போய் இறங்கினால் கடலைக் காணோம். கண்ணுக்கெட்டிய தூரம் வரை சேறு. "சார், தொறந்து வுட்டுட்டாங்க போலருக்கு லா" என்றான் நல்லுசாமி. கடல் ஏறி இறங்குவதைப் பற்றி விளக்கினேன், நிலாவைக்கூடக் குறிப்பிட்டேன். ஆளுக்கு ஒரு சதுர கெஜம் பார்த்து வகைக்கு ஒன்று எடுங்கள் என்றேன். அவர்களோ தேயிலைக் காட்டில் அம்மாக்கள் செய்வது போலவே ஆளுக்கு ஒரு நிரை பிடித்துக்கொண்டு, குனிந்த தலை நிமிராமல், நத்தை, நண்டு, கிளிஞ்சல் என்று ஒன்று விடாமல் கூடையில் போட்டுக்கொண்டு, வரிசை கலையாமல் அரை மைல் உள்ளே போய்விட்டார்கள். நானும் கங்காணி மாதிரி பின்னாலேயே போனேன். கரையில் ஒரு மலாய்க்கார மீனவர் இரண்டு கைகளையும் ஆட்டினார். மரியாதைக்கு நாங்களும் ஆட்டினோம்.

"சார், தண்ணி வருது" என்றாள் நளினி. "இன்னும் சைரனே ஊதலையே, நேரம் இருக்கு லா" என்றான் நல்லுசாமி. இங்கே அணையில் தண்ணீர் திறக்குமுன் சைரன் ஊதும், பிள்ளைகள் அதைக் கேட்டே வளர்ந்தவர்கள். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன் அத்தான், நிலாவை விளக்கிய நானும் ஒரு காதைத் தீட்டிக்கொண்டு அதற்குத்தான் காத்திருந்தேன். தண்ணீர் முழங்காலுக்கு வந்தபோது ஓடலாம் என்று பார்த்தால் கால் சேற்றிலிருந்து வரவில்லை. அப்போது நளினி போட்ட சத்தம் மாணவி ஆசிரியரிடம் பேசுவது போல இல்லை. "கூடையப் போடுங்கடா! கையக் கோத்துக்கங்க! சார், சப்பாத்தக் கழட்டுங்க, காலு வரும்!" எல்லாரையும் அவள்தான் இழுத்துக் கரை சேர்த்தாள், கடைசியாக என்னை. பதினொரு தலையை இரண்டு தடவை எண்ணினேன். அவள் பாவாடை இடுப்பு வரை நனைந்திருந்தது.

லாரிக் காற்றில் பாவாடை காய்ந்துவிட்டது, உப்பு மட்டும் வெள்ளையாகப் பூத்து நின்றது. பாஞ்சாலை அம்மாள் அதை விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தார். நேற்றுத் திங்கட்கிழமை, மகளின் பிறப்புப் பத்திரத்தோடு அவர் தோட்டத்து ஆபீசில் எழுத்து வேலை பார்க்கும் கிராணியிடம் போனதை என் கண்ணால் பார்த்தேன். பேர் பதிந்தாயிற்று. என்னால் ஒரு நல்ல பிள்ளையின் படிப்பு கெட்டது அத்தான், எனக்குச் சோறு இறங்கவில்லை. நீங்கள் பெரியவர், ஈப்போ ஆஸ்பத்திரியில் உத்தியோகம், உங்கள் பேச்சை மதிப்பார்கள். வருகிற ஞாயிற்றுக்கிழமை அவசியம் வந்து அந்த அம்மாளிடம் எடுத்துச் சொல்ல வேண்டும். இனி எந்தப் பிள்ளையின் விஷயத்திலும் நான் தலையிடப் போவதில்லை.

அக்காவுக்கு என் வணக்கம். பிள்ளைகள் கால் நனையாமல் நூறாண்டு வாழட்டும்.

தங்கள் அன்புள்ள,
சுகுமாரன்

பி.கு.: உறையை ஒட்டும் நேரத்தில் பாஞ்சாலை அம்மாளே வாசலில் வந்து நின்றார். கொழுந்தெடுக்கப் பேர் பதியவில்லையாம். ஈப்போவில் ஆறாம் படிவம் சேர கிராணியை வைத்து மனு எழுதியிருக்கிறார். "பத்துப் பேரையும் ஒரு வாத்தியாரையும் கரையேத்துன புள்ள சார். அது கையில கூடையக் குடுக்க மனசு வரல" என்றார். மனுவை எழுத என்னிடம் வந்திருக்கலாமே என்றேன். "கோச்சிக்காதீங்க சார். தண்ணி வர்றதே தெரியாத ஆளுக்கிட்ட அத எப்படி நம்பிக் குடுக்கறது?" என்றார். ஆகவே ஞாயிற்றுக்கிழமை நீங்கள் வர வேண்டாம். அவர் காட்டிய மனுவில் ஈப்போவில் தங்கும் முகவரி என்ற இடம் மட்டும் காலியாக இருந்தது, உங்கள் வீட்டைப் போட்டுவிட்டேன். முன்னறையை ஒழித்து வையுங்கள். அக்காவிடம் நீங்களே பக்குவமாகச் சொல்லிவிடவும்.