ஒன்பது ஆமென்

இனி இந்த வீட்டுக்குள் ஆங்கிலம் கூடாது என்று வெண்டல் யோடர் சட்டம் இயற்றியது மழைக்காலத்தின் முதல் திங்கட்கிழமை, காலை உணவின்போது. குடிமக்கள் மொத்தம் இரண்டு பேர். ஒருவர் அவரே. இன்னொருவர் அவர் மனைவி ஆர்லீன். அவள் அப்போது நேந்திரம்பழத் துண்டுகளை வறுத்துக்கொண்டிருந்தாள்.

"சாப்பாட்டு ஜெபத்துலேர்ந்து சண்டை வரைக்கும் எல்லாம் ஸ்பானிஷ்தான்" என்றார்.

"சண்டையுமா?"

"சண்டைதான் முக்கியமா."

"அப்ப என் கதை முடிஞ்சுது" என்று ஆர்லீன் பெருமூச்சு விட்டாள்.

வெண்டல் எதிர்பார்த்த பெருமூச்சு அது. சனிக்கிழமை துணி மடிக்கும்போதே அவள் வாய்தவறி உளறியிருந்தாள், ஸ்பானிஷில் மட்டும்தான் பேச வேண்டும் என்று யாராவது சொல்லிவிட்டால் தன் வாயே அடைத்துவிடும் என்று. எதிரி தன் பலவீனத்தைத் தானே சொல்லும்போது காதைப் பொத்திக்கொள்ள வெண்டல் என்ன முட்டாளா? ஒகாயோவில் இருபத்தாறு வருடம் லத்தீன் இலக்கணம் நடத்தியவர். ஒரு ஞாயிறு முழுக்க யோசித்துச் சட்டமாக்கிவிட்டார்.

இரண்டு பேரும் ஊரில் வீட்டை விற்று, சோபாவையும் பூனையையும் தானம் செய்துவிட்டு, விசுவாசத்தை மட்டும் நம்பி சான் ஹோசேவுக்கு வந்து எட்டு மாதம் ஆகிறது. ஸ்பானிஷ் படிப்பது, பிறகு சபை அனுப்பும் இடத்தில் ஊழியம் செய்வது என்று ஏற்பாடு. ஆண்டவரின் அழைப்பு ஆர்லீனுக்குப் பட்டாணி உரிக்கும்போது வந்தது. வெண்டலுக்குப் பதினேழு நாள் கழித்து வந்தது. அவர் பிழை பார்த்து வாங்குகிறவர்.

அனுப்பும் இடம் எது என்பதில்தான் தகராறு. ஆர்லீன் நர்ஸ். அவளுக்கு பியெத்ரா மொஹாதா என்ற மலைக் கிராமத்தின் மேல் கண். அங்கே வருடத்தில் பத்து மாதம் மழை, பாக்கி இரண்டு மாதம் தூறல். பஸ் நின்ற இடத்திலிருந்து இரண்டு மணி நேரம் கோவேறு கழுதையில் போக வேண்டும். ஊசி போட அங்கே ஆளில்லை. வெண்டலுக்கோ நகரத்து இறையியல் கல்லூரியின் நூலகத்தின் மேல் கண். ஜன்னலோர மேசை, ஒழுகாத கூரை, ஆடாத நாற்காலி. ஊழியத்தை உட்கார்ந்தும் செய்யலாம் என்பது அவர் கொள்கை. கழுதை மேல் உட்கார்வது அதில் சேராது. கணவன் மனைவி ஒருமனப்பட்டால்தான் அனுப்புவோம் என்று உள்ளூர் சபை சொல்லிவிட்டது. முடிவு சொல்ல ஐந்து வாரம் தள்ளி ஒரு புதன்கிழமை குறித்தார்கள்.

ஆங்கிலத்தில் ஆர்லீனை வெல்ல முப்பத்தொரு வருடமாக முடியவில்லை. ஸ்பானிஷில் நிலைமை வேறு. மொழிப்பள்ளித் தேர்வில் வெண்டல் முதல் மதிப்பெண். எந்த வினைச்சொல்லையும் எக்காலத்திலும் எவ்விடத்திலும் வைத்துப் புரட்டி எடுப்பார். ஆர்லீனுக்குக் காய்கறிப் பெயர்கள் தெரியும்.

சட்டத்தின் முதல் தொல்லை மரியாதை. அந்த நாட்டுக்காரர்கள் நாயைக்கூட 'நீங்கள் வெளியே போங்கள்' என்றுதான் விரட்டுவார்கள். ஆணுக்குத் தோன், பெண்ணுக்குத் தோன்யா என்று முன்னால் சேர்க்காமல் பெரியவர்கள் யாரையும் பெயர் சொல்லமாட்டார்கள். வெண்டலும் அதற்கு உட்பட்டார். "நீங்க சொல்றது சுத்த அபத்தம்ங்க" என்று மனைவியைத் திட்டினால், திட்டு வாசலோடு விடைபெற்றுப் போய்விடுகிறது.

இரண்டாவது தொல்லை, அவர் யாரிடமும் சொல்லாதது. ஸ்பானிஷை அவரால் எழுத முடியும், படிக்க முடியும், பேசவும் முடியும். அடுத்தவர் பேசினால் புரியாது. புத்தகத்தில் சொற்கள் இடைவெளி விட்டு நிற்கின்றன. இந்த ஊர்க்காரர் வாயில் அவை பஸ்ஸில் தொங்கும் கூட்டம்போல் ஒன்றின் மேல் ஒன்று ஏறி வருகின்றன. தினம் ஐந்து வாக்கியங்களை முப்பது பேரிடம் சொல்லிப் பதில் கேட்டு வா என்பது பள்ளியின் வீட்டுப்பாடம். வெண்டல் தெருமுனை லாட்டரிக்காரரிடம் மட்டும் சொன்னார், முப்பது முறை. அந்த மனிதர் பதில் சொல்வதை நிறுத்தி மாதங்கள் ஆகின்றன. ஆர்லீனோ வீட்டுச் சொந்தக்காரி தோன்யா எர்மெலிந்தாவின் சமையலறையில் போய் உட்கார்ந்து பீன்ஸில் கல் பொறுக்கினாள். முப்பது பேர் தாமாகவே அங்கே வந்து போனார்கள்.

சபையில் மட்டும் வெண்டல் பிழைத்துக்கொண்டார். யாராவது ஜெபித்தால் கண்ணை மூடிக்கொள்வார். மூச்சு வாங்க நிறுத்தும் இடத்தில் அடிவயிற்றிலிருந்து ஆழமாக ஒரு ஆமென். அர்த்தம் புரிந்தவர்கள்கூட அப்படிச் சொன்னதில்லை. தோன் வெண்டலின் பக்தியை நினைத்தால் மெய்சிலிர்க்கிறது என்று பெண்கள் பேசிக்கொண்டார்கள். இறையியல் கல்லூரி முதல்வரின் காதுக்கும் அது எட்டியது.

இதே வித்தையை வீட்டிலும் கையாண்டார். சட்டப்படி சாப்பாட்டு ஜெபமும் ஸ்பானிஷில்தானே. ஆர்லீனின் ஜெபம் முதல் வாரம் ஐந்து சொல்லில் முடிந்தது. இரண்டாம் வாரம் சூப் ஆறியது. நான்காம் வாரம் சூப்பில் ஏடு படிந்தது. என்னதான் கேட்கிறாள் என்று அறிய ஆசைதான். ஆனால் சட்டம் போட்டவரே 'அதை ஆங்கிலத்தில் சொல்லு' என்று எப்படிக் கேட்பார்? ஆமென் சொல்லிவிட்டு ஆறின சூப்பைக் குடித்தார்.

புதன்கிழமை வந்தது. வெண்டலின் பையில் பதினொரு நிமிட உரை, அதில் கல்லூரியே கண்டிராத நாற்பது வினைமுற்றுகள். முன்வரிசையில் கல்லூரி முதல்வர். போதகர் எலியேசர், முதலில் ஜெபம், பிறகு பேச்சு என்றார். ஜெபிக்க எழுந்தவள் ஆர்லீன்.

அது காய்கறிப் பெயர் மட்டும் தெரிந்தவளின் ஸ்பானிஷாக இல்லை. எர்மெலிந்தாவின் அடுக்களை ஸ்பானிஷ். வேகம், ஏற்றம், இறக்கம், நடுவில் ஒரு விம்மல். வெண்டல் கண்ணை மூடிக்கொண்டார். முதல் இடைவெளியில் ஓர் ஆமென் போட்டார். சபை அதைவிட உரக்கச் சொன்னது. பக்தியில் தன்னை யாரும் மிஞ்சுவதா? அடுத்தடுத்த ஆமென்களில் சத்தத்தைக் கூட்டினார். ஐந்தாவதற்குக் கூரைத் தகரம் அதிர்ந்தது. ஏழாவதற்கு யாரோ அழுதார்கள்.

ஜெபம் முடிந்ததும் தொண்டையைச் செருமிக்கொண்டு உரையை வெளியே எடுத்தார். அதற்குள் போதகர் வந்து கட்டிப்பிடித்துக்கொண்டார். குழந்தைக்குச் சொல்வதுபோல் நிறுத்தி நிறுத்திச் சொன்னதால் ஒவ்வொரு சொல்லும் வெண்டலுக்குப் புரிந்தது.

"சகோதரரே, இனி பேச என்ன இருக்கு? எல்லாத்தையும் உங்க சம்சாரம் ஆண்டவர்கிட்டயே சொல்லிட்டாங்க. ஒவ்வொண்ணுக்கும் நீங்க ஆமென் சொல்லிட்டீங்க. ஒன்பது ஆமென். எண்ணிக்கிட்டேதான் இருந்தோம். இதைவிட ஒருமனம் வேணுமா?"

எதற்கு ஒன்பது என்று கேட்க வெண்டலின் நாக்கு எழுந்தது. முன்வரிசையைப் பார்த்ததும் படுத்துவிட்டது. ஜெபம் புரியவில்லை என்று சொன்னால், ஸ்பானிஷ் புரியாதவருக்குக் கல்லூரியில் என்ன வேலை? புரிந்தது என்றால் ஆமென் ஆமென்தான். தர்க்கமும் படித்தவர் அவர். வழி எங்கும் இல்லை என்று கண்டுகொள்ள அரை நிமிடம்கூட ஆகவில்லை.

கல்லூரி முதல்வர் கைக்குட்டையோடு வந்தார். "நூலகத்து ஆசையை விட்டுக்குடுக்குறதுக்குப் பெரிய மனசு வேணும். அந்த ஏழாவது ஆமென்ல நான் உடைஞ்சுட்டேன்" என்றார்.

தோன்யா எர்மெலிந்தா பின்னாலேயே வந்தாள். அவள் தங்கை இருப்பது பியெத்ரா மொஹாதாவில்தானாம். பஸ் நிற்கும் இடத்துக்குத் தங்கையே கழுதையை அனுப்புவாளாம். "கழுதைக்குச் சொன்னீங்களே ஓர் ஆமென், அந்த அஞ்சாவது. அதுக்கு அடுத்த தெரு நாயெல்லாம் குரைச்சுது" என்று சொல்லி, ஒரு பொட்டலத்தை அவர் கையில் வைத்தாள். முழங்கால் வரை வரும் ரப்பர் பூட்ஸ்.

வீட்டுக்கு வந்ததும் வெண்டல் முதல் வேலையாகச் சட்டத்தை ரத்து செய்தார், ஆங்கிலத்தில்.

"என்னென்ன கேட்ட நீ?"

"முதல்ல உங்க காதுக்காகத்தான் கேட்டேன்" என்றாள் ஆர்லீன். "அந்த ஒரு ஆமெனாவது சீக்கிரம் பலிக்கட்டும். அங்க சுகவீனமா வர்றவங்க சொல்றதை நீங்கதான் எழுதிக்கணும்."

அவர் பூட்ஸைக் காலில் மாட்டினார். அளவெடுத்துத் தைத்ததுபோல் உட்கார்ந்தது. அப்போதுதான் உறைத்தது. வந்த புதிதில் காலணி நனைந்தபோது ஊரிலுள்ள கடையெல்லாம் ஏறி இறங்கியவர் அவர். இவ்வளவு பெரிய பாதத்துக்கு இங்கே எதுவும் கிடைக்காது, துறைமுகத்திலிருந்து வரவழைக்க ஐந்து வாரம் ஆகும் என்று அனுப்பிவிட்டார்கள்.

"இதை எப்ப சொல்லி வச்ச?"

"அந்தச் சனிக்கிழமை. துணி மடிச்ச கையோட போய்ச் சொல்லிட்டு வந்தேன்."

வெண்டல் வாயைத் திறந்தார். எத்தனையோ வினைமுற்றுகள் இருக்க, வந்தது ஒரே சொல்.

"ஆமென்."

"பத்து" என்றாள் ஆர்லீன்.