கம்பம் நட்டது நான் இல்லை, மச்சான்

பெல்ஃபோர்ட், அயோவா
வியாழக்கிழமை மாலை

அன்பு மச்சான் ஓர்வில் டெக்கருக்கு,

ஆற்றின் மேற்குக் கரையிலிருந்து உன் அத்தான் எமில் எழுதிக்கொண்டது. இங்கே நானும் உன் அக்கா லுவெல்லாவும் சுகம். என் முழங்கால் மட்டும் மழை வருவதற்கு முன் முனகுகிறது. அங்கே நீ சுகமா, உன் தக்காளிச் செடிகள் சுகமா, உன் பந்தயப் புறாக்கள், அதாவது மிச்சமிருக்கும் புறாக்கள், சுகமா என்று அறிய ஆவல். ஃபோன் செய்தால் எடுத்து, என் குரலைக் கேட்டதும் வைத்துவிடுகிறாய். அதனால்தான் இந்தக் கடிதம். கடிதத்தில் ஒரு வசதி, நீ குறுக்கே பேச முடியாது.

ஞாயிற்றுக்கிழமை சர்ச் வாசலில், பாதிரியார் காதில் விழும்படி, "அந்தக் கம்பத்த நட்டதே நீங்கதான் அத்தான்! என் புறாவ எல்லாம் காவு கொடுத்ததே நீங்கதான்!" என்று கத்தினாயே, அதற்கு அமைதியாகப் பதில் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன். கம்பம் நட்டது நான் இல்லை. கிரேன்காரர் நட்டார். நான் கீழே நின்று வேடிக்கை பார்த்தேன், அவ்வளவுதான்.

கோபத்தில் உனக்குப் பழசெல்லாம் மறந்திருக்கும், ஞாபகப்படுத்துகிறேன். மூன்று வருஷமாக வாஃபிளும் சிரப்பும் எங்கே குடித்தனம் நடத்தின? என் வீட்டுக்கு நாலு தெரு தள்ளி இருக்கும் ப்ரூஸ்டர் டவரின் உச்சியில். இந்த ஊரிலேயே உயரமான கட்டிடம் அதுதான் என்று அந்த இரண்டு வல்லூறுகளும் எங்கிருந்தோ வந்து உட்கார்ந்தன. பள்ளிக்கூடப் பிள்ளைகள் ஓட்டுப் போட்டுப் பெயர் வைத்தார்கள், காலைப் பலகாரம் மாதிரி இருக்கிறதே என்று ஊரே சிரித்தது. சிரித்தவர்கள் யாரும் புறா வளர்க்கிறவர்கள் இல்லை. அதுகளுக்குக் காலைப் பலகாரம் என் கூண்டிலிருந்து போய்க்கொண்டிருந்தது. நீ அப்போது கிழக்குக் கரையில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டு, பீர் பாட்டிலை ஆட்டி ஆட்டி, "இயற்கை அத்தான், இயற்கை! நாம என்ன பண்ண முடியும்?" என்றாய். பந்தயக் கோப்பையும் வருஷா வருஷம் உன் வீட்டு அலமாரியிலேயே போய் உட்கார்ந்தது. நான் வாயைத் திறந்தேனா? திறந்தேன்தான், ஆனால் சர்ச் வாசலில் திறக்கவில்லை.

இந்த ஏப்ரலில் என்ன நடந்தது தெரியுமா? உன் அக்காவுக்குச் சமைக்கும்போது வல்லூறுக் கூட்டில் வைத்த கேமராவின் நேரலை டிவியில் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். அதைப் பார்க்காவிட்டால் உருளைக்கிழங்கு வேகாது. நான் குளித்துக்கொண்டிருந்தேன். "ஏங்க, சீக்கிரம் வாங்க! உங்க அகஸ்டின் டிவில வர்றான்!" என்று சத்தம். பந்தயச் செய்தியில் என் புறாவைக் காட்டுகிறார்களாக்கும் என்று துண்டோடு ஓடினேன். வந்தான். சிவப்பு வளையம் போட்ட கால் மட்டும் வந்தது. சிரப் அதைக் குஞ்சுகளுக்குப் பங்கு வைத்துக்கொண்டிருந்தது. ஊர்ச்சனம் முழுக்கப் பார்த்துவிட்டு "அம்மான்னா இப்படி இருக்கணும்" என்று கீழே எழுதிக்கொண்டிருந்தார்கள். உன் அக்காவும் ஒரு சிவப்பு இதயம் போட்டாள் மச்சான், என் கண்ணெதிரே. அகஸ்டின் போனபோது அவன் மகள் கொர்னேலியா கண்கூடத் திறக்கவில்லை. ஊறவைத்த பட்டாணியை ஒவ்வொன்றாக ஊட்டி, ராத்திரி என் கம்பளிக் குல்லாவுக்குள் படுக்கவைத்து வளர்த்தேன்.

அந்த வயிற்றெரிச்சலோடுதான் மே மாதம் நூலகத்தில் வனத்துறைப் பெண் ரோண்டாவின் பேச்சைக் கேட்கப் போனேன். "வல்லூறுக்கு உயரம்னா உயிர். சுத்துவட்டாரத்துல எது உசரமோ அங்கதான் போய் உக்காரும்" என்றாள். அதற்கு மேலும் ஏதோ சொன்னாள், நான் பிஸ்கட் எடுக்கப் போயிருந்தேன். கேட்டதே எனக்குப் போதுமாயிருந்தது. ஊருக்கு வருகிறவர்களுக்குக் கொடுக்கிற பிரசுரத்தில் உயரமான கட்டிடங்களின் வரிசை இருக்கிறது அல்லவா? முதலில் ப்ரூஸ்டர். அடுத்தது பதினோரே அடி குறைவாகக் கிழக்குக் கரையில் ஆல்டன் டவர். அதற்குப் பிறகு ஆஸ்பத்திரி, ஓட்டல் என்று ஏதேதோ, அதெல்லாம் நமக்கெதற்கு. வரிசை மாறினால் வல்லூறும் மாறும், இதுதான் என் கணக்கு. ஆல்டன் டவருக்குக் கீழே உன் புறாக்கூண்டு இருப்பது தற்செயல். உன்னை அங்கே வீடு வாங்கச் சொன்னது நானா?

அந்த இரண்டு கட்டிடங்களின் லிஃப்ட்டையும் முப்பது வருஷம் பழுது பார்த்தவன் நான். எனவே பழைய மரியாதைக்கு ஆல்டன் அம்மாளைப் பார்க்கப் போனேன். ஒரு முதியவர் ஒரு மூதாட்டியைப் பார்க்கப் போவது குற்றமா? அந்த அம்மாளின் அப்பா கட்டிய கட்டிடம், ஒரு காலத்தில் ஊருக்கே அதுதான் உச்சி. ப்ரூஸ்டர் எழும்பிய நாளிலிருந்து அந்த அம்மாள் மேற்கு ஜன்னல் திரையைத் திறப்பதே இல்லை. எனக்குக் காப்பியும், ருபார்ப் பை என்கிற புளிப்புப் பலகாரமும் கொடுத்துவிட்டு, "என்ன எமில், லிஃப்ட்ல ஏதாவது கோளாறா?" என்றார்.

"லிஃப்ட் நல்லா இருக்கு மேடம். மேல போறப்ப எனக்குத்தான் மனசு கேக்கல. இன்னும் பதினோரு அடி போயிருக்கக் கூடாதான்னு."

காப்பிக் கோப்பையை ஆல்டன் அம்மாள் கீழே வைத்தார்.

"கொடிக்கம்பம் ஒண்ணு வெச்சா?"

"பன்னண்டு அடி இருந்தாப் போதும் மேடம்."

"போதுமா? எங்கப்பா எதையும் போதும்னு விட்டவர் இல்ல. நாப்பது அடி போடச் சொல்லு."

சொன்னது அவர். நான் தலையாட்டினேன். தலையாட்டுவதற்குப் பெயர் சதியா? ஜூலையில் கிரேன் வந்தது, கம்பம் ஏறியது, மேயர் வந்து பேசினார், எல்லாருக்கும் மிளகாய்க் கறியும் இலவங்கப்பட்டை ரொட்டிச் சுருளும் கொடுத்தார்கள். நான் ரிப்பனின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு ஆல்டன் அம்மாள் பக்கத்தில் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கிற பத்திரிகைப் படத்தை நீ சட்டைப்பையில் மடித்து வைத்துக்கொண்டு போகிற வருகிறவரிடமெல்லாம் காட்டுகிறாயாம். ரிப்பன் தரையில் விழுந்து அழுக்காகிவிடக் கூடாதே என்று பிடித்தேன். நல்லதுக்குக் காலமில்லை.

ஆகஸ்டில் ஒரு நாள் காலையில் உன் அக்கா, "ஐயோ, கூடு காலியா கிடக்குங்க!" என்று அழுதாள். நான் பாலத்துக்கு ஓடிப் போய்ப் பார்த்தேன். ஆல்டன் டவரின் கம்பத்து உச்சியில், தங்க முலாம் பூசிய அந்தக் குமிழ்மேல், வாஃபிள் உட்கார்ந்து உன் கூண்டையே பார்த்துக்கொண்டிருந்தது. எனக்கு அப்படி ஒரு ஆனந்தம், அதாவது, உன்னை நினைத்து அப்படி ஒரு கவலை. அந்தக் கவலையில் அன்றைக்கு இரண்டு துண்டு ருபார்ப் பை சாப்பிட்டுவிட்டேன். அந்த வாரமே நீ ஃபோன் செய்து "அத்தான், மூணு புறாவக் காணோம்" என்று அழுதபோது நான் என்ன சொன்னேன்? "இயற்கை மச்சான், இயற்கை! நாம என்ன பண்ண முடியும்?" என்றேன். எனக்கு நீ சொன்ன ஆறுதலையே உனக்குத் திருப்பிச் சொன்னேன், அதில் என்ன தப்பு?

அதன் பிறகு நடந்தவற்றுக்கும் என்னைச் சாடுகிறாய். ப்ரூஸ்டர் டவர் மேலாளர் ஸ்லோகம் "கொடிக்கம்பமெல்லாம் உயரக் கணக்குல சேராது" என்று பத்திரிகையில் சொன்னதற்கு நானா பொறுப்பு? சொல்லிவிட்டு, அப்படியும் ராத்தூக்கம் வராமல் தன் கட்டிடத்துக்கு மேலே இரும்புக் கோபுரம் எழுப்பக் கிளம்பினானே, அதற்கு நானா பொறுப்பு? அதைக் கேட்டதும் ஆல்டன் அம்மாள் "கம்பத்தப் பிடுங்கிட்டு நாமளும் கோபுரமே வெச்சிருவோம்" என்றாரே, அதற்கு? சரி, அதற்கு மட்டும் கொஞ்சம் தலையாட்டினேன். இந்த வாரம் முழுக்க இரண்டு உச்சியிலும் பற்றவைக்கிற நெருப்புப்பொறி பறக்கிறது, சம்மட்டிச் சத்தம் காதைப் பிளக்கிறது. சாயங்காலமானால் பாலத்தின்மேல் மடக்கு நாற்காலி போட்டுக்கொண்டு யார் முந்துகிறார்கள் என்று பார்க்கக் கூட்டம். சோளப்பொரி விற்கிறவன்கூட வந்துவிட்டான். செத்துக் கிடந்த ஊர் மச்சான் இது, கொஞ்சம் உயிர் வந்திருக்கிறது.

ஆனால் நீ செய்வது நன்றாக இல்லை. சோளம் அவிக்கிற பெரிய அண்டாவைத் தூக்கிக்கொண்டு கூரைமேல் ஏறி, உள்ளாடையோடு நின்று, மூடியால் டமார் டமார் என்று அடித்து வல்லூறு விரட்டுகிறாயாம். அறுபது வயசு ஆள் செய்கிற காரியமா இது? அக்கம்பக்கத்தில் என்ன நினைப்பார்கள்? வல்லூறு நம் ஊருக்குப் பெருமை. ஒரு புறா போனால் போகிறது என்று மனசைப் பெரிசாக்கிக்கொள்ள வேண்டாமா? என்னைப் பார், மூன்று வருஷம் பொறுத்தேன், ஒரு நாளாவது அண்டாவைத் தொட்டேனா?

இன்று சாயங்காலம் புறாப் பந்தயச் சங்கத்து லாரியில் புறாக்களை ஏற்றினோமே, நீ முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றாய். உன் கூடையில் பாதி காலி. நான் பார்க்கவில்லை, கண்ணில் பட்டது. கொர்னேலியாவுக்கு இது முதல் பந்தயம். கூடைக் கம்பி வழியாக என் விரலைக் கொத்திவிட்டுத்தான் போனாள். சனிக்கிழமை விடிந்ததும் மிசூரியில் திறந்துவிடுவார்கள், மத்தியானத்துக்குள் எல்லாப் புறாவுக்கும் முன்னால் பறந்து வீடு வந்துவிடுவாள். கோப்பைக்கு இடம் வேண்டுமென்று அலமாரியிலிருந்து உன் அக்காவின் பீங்கான் தவளைகளை எடுத்துப் பெட்டியில் போட்டுவிட்டேன். ராத்திரி சாப்பாட்டுக்கு நீ அவசியம் வரவேண்டும். கோப்பையைத் தொட்டுப் பார்க்கலாம்.

உன் தக்காளி வெடிக்காமல் பழுக்கட்டும், உன் கோபம் குளிருக்கு முன் அடங்கட்டும், உன் கூண்டில் மிஞ்சியது மிஞ்சியபடியே இருக்கட்டும் என்று மனமார வாழ்த்தும்,

உன் நலத்தையே நினைக்கும் அத்தான்,
எமில் வெர்ஹெல்

பி.கு.: வெள்ளிக்கிழமை காலை. கடிதத்தை உறையில் போட்டு ஒட்டக்கூட இல்லை, உன் அக்கா பின்வாசலிலிருந்து கத்தினாள். "ஏங்க, ஓடி வாங்க! வாஃபிளும் சிரப்பும் நம்ம வீட்டுக்கே வந்துட்டாங்க!" சந்தோஷத்தில் கை தட்டுகிறாள் மச்சான். நம் வீட்டுக்குப் பின்னால் விவசாயிகள் சங்கத்துச் சோளக் குதிர் நிற்கிறதே, அந்தக் கான்கிரீட் பூதம், அதன் உச்சியில் இரண்டும் ஜோடியாக உட்கார்ந்து என் கூண்டைப் பார்க்கின்றன. ரோண்டாவுக்கு ஃபோன் போட்டேன். "அன்னிக்கே சொன்னேனே சார், உயரமும் வேணும், ஆள் நடமாட்டமும் சத்தமும் இருக்கக் கூடாதுன்னு. ரெண்டு டவர்லயும் இப்ப ஒரே சம்மட்டி. குதிர்ல ஒரு ஈ காக்கா இல்ல, கீழ சிந்துற சோளத்துக்கு வர்ற புறா வேற. இதவிட நல்ல எடம் எங்க சார் கிடைக்கும்?" என்கிறாள். அவள் அதைச் சொன்னபோதுதான் நான் பிஸ்கட் எடுக்கப் போயிருக்கிறேன். குதிரில் ஆள் குடியில்லை என்று ஊர்ப் பிரசுரத்தில் அதைச் சேர்க்கவே இல்லை. வல்லூறு பிரசுரம் பார்த்து வருவதில்லை போலிருக்கிறது.

லாரி மிசூரி போய்ச் சேர்ந்துவிட்டதாம், இனி புறாவைத் திருப்பித் தர மாட்டார்களாம். நாளைக்குக் கொர்னேலியா களைத்துப்போய், நேரே அந்தக் குதிருக்கு முன்னால்தான் இறங்க வேண்டும். அவளுக்கு வேறு வீடு தெரியாது. மேலே எழுதியதையெல்லாம் அடித்துவிடலாமென்று பேனாவை எடுத்தேன். உன் அக்கா காகிதத்தைப் பிடுங்கிக்கொண்டு, "அப்படியே போகட்டும். எந்தம்பியும் படிக்கட்டும்" என்கிறாள். அவளே கையோடு கொண்டு வருகிறாள். ஆமாம், கம்பம் என் வேலைதான். இயற்கை கியற்கை எல்லாம் வெறும் பேச்சு, உன்னுடையதும்தான், என்னுடையதும்தான். தவளைகளை அலமாரியில் பழையபடி வைத்துவிட்டேன், கோப்பை உனக்கே இருக்கட்டும். இப்போது உன் பக்கத்து வானம் காலி, உன் புறாக்கள் சுகமாக வந்து சேரும், அதுகளை உன் அக்கா பார்த்துக்கொள்வாள். என் குழந்தை கடைசியாக வந்தாலும் சரி, வீடு வந்தால் போதும் மச்சான். நாளைக் காலையிலேயே கிளம்பி வந்துவிடு. உள்ளாடையோடு வந்தாலும் பரவாயில்லை. அந்த அண்டாவை மறந்துவிடாதே. மூடியையும்.